செல் ஓவியம்: ஏல மதிப்பீட்டின் வரலாறு

கையால் வரைந்து தயாரிக்கப்பட்ட கார்ட்டூன் படங்களில், கேமராவுக்கு அடியில் வைத்துப் படம்பிடிப்பதற்காக வண்ணம் தீட்டப்பட்ட ஒளிபுகும் தாள் செல் ஓவியம் எனப்படுகிறது. செல்லுலாய்டு என்ற பொருட்பெயரின் முதல் பகுதியே இதற்குப் பெயராக நின்றுவிட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் கழுவி மறுபடி பயன்படுத்தவோ, குப்பையில் போடவோ வேண்டிய தொழிற்சாலைப் பொருளாகவே இது பிறந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் சில டாலருக்கு விற்கப்பட்ட இத்தகைய தாள்களுள் ஒன்று, 1989இல் ஏலத்தில் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தாளுக்கு வயது கூடியது. வண்ணம் கொஞ்சம் உதிர்ந்தது. அதற்கு விலை சொல்லும் முறை ஒன்று மெல்ல உருவானது.

தாள் வந்த வழி

தொடக்ககாலக் கார்ட்டூன்களில் உருவம் ஒருமுறை அசைவதற்குப் பின்னணியில் உள்ள வீடு, மரம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வரைய வேண்டியிருந்தது. அசையும் உருவத்தை மட்டும் ஒளிபுகும் தாளில் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்கு அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து அடுத்த ஆண்டு பெற்றார். அவரும் ஜான் பிரேயும் கூட்டாகச் சேர்ந்து, இம்முறையைப் பயன்படுத்திய மற்ற ஸ்டுடியோக்களிடம் உரிமைக் கட்டணம் வசூலித்தனர். உழைப்பையும் செலவையும் குறைப்பதே செல் தாளின் வேலை. அதைச் சுவரில் மாட்டுவது பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வேலை நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால்தான் பிற்கால விலைகள் விளங்கும். அனிமேஷன் ஓவியர் காகிதத்தில் பென்சிலால் வரைவார். அந்தக் கோடுகளை இன்னொருவர் செல் தாளின் முன்பக்கத்தில் மையால் நகலெடுப்பார். மூன்றாமவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடுகளுக்குள் வண்ணம் நிரப்புவார். முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தூரிகைத் தடம் இல்லாமல் வண்ணம் வழவழப்பாகத் தெரிவது இதனால்தான். பின்னணி தனியே காகிதத்தில், பெரும்பாலும் நீர்வண்ணத்தில், வேறோர் ஓவியரால் தீட்டப்படும். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 83 நிமிடம் ஓடும் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' படத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ஃபிரேம்கள் தேவைப்பட்டன. ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம் என்றாலும், ஒரே ஃபிரேமில் பல தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் தாள்களின் எண்ணிக்கை குறையவில்லை.

டிஸ்னி ஸ்டுடியோவில் மையிடும், வண்ணமிடும் பிரிவில் பணியாற்றியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. கார்ட்டூன் உருவாக்கத்தில் படைப்புப் பணியை ஆண்களே செய்வார்கள். பெண்களுக்கு உரியது மையும் வண்ணமும் இடும் வேலை மட்டுமே என்று அது தெளிவாகச் சொல்கிறது. பின்னாளில் ஏலத்துக்கு வந்த தாள்களின் மேற்பரப்பில் கைபட்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

கூர்வாசியே ஒட்டுச்சீட்டு

செல் தாளை ஓவியமாக விற்கும் திட்டம் 1938இல் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ நகரின் ஓவிய விற்பனையாளர் கத்ரி கூர்வாசியே டிஸ்னியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 'ஸ்னோ ஒயிட்' தாள்களில் தேர்ந்தெடுத்தவற்றை விற்றார். சில டாலர் முதல் சில பத்து டாலர் வரை விலை இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் அப்படத்தின் பிணந்தின்னிக் கழுகுகள் உள்ள ஓவியம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது செய்தியாயிற்று. 'பினோக்கியோ', 'ஃபேன்டேசியா', 'டம்போ', 'பாம்பி' படங்களின் தாள்களும் இவ்வழியே விற்பனைக்கு வந்தன. 1946 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

விற்பனைக்கு வந்தவை படத்தில் பார்த்தவை போலவே இருக்கவில்லை. அசல் பின்னணி ஓவியம் ஒன்றுக்குப் பல நூறு தாள்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னணி கொடுக்க முடியாது. எனவே மெல்லிய மரத்தகடு, புள்ளியிட்ட காகிதம், வண்ணம் தெளித்த அட்டை முதலியவற்றைப் பின்னணியாக வைத்தனர். பல தாள்களில் உருவத்தை விளிம்போடு கத்தரித்து அட்டையில் ஒட்டினர். இன்றைய சேகரிப்பாளருக்கு இது கொலைபாதகம் போலத் தோன்றலாம். ஆனால் அன்று சட்டமிட்டு, பின்புறம் ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்றதால்தான் அவை பிழைத்தன. விற்காதவை கழுவப்பட்டன, அல்லது அழிந்தன. இன்று அந்த ஒட்டுச்சீட்டே ஏலப் பட்டியலில் தனி வரியாக இடம்பெறும் சான்று. அது கிழியாமல் இருந்தால் விலை கூடும்.

1955இல் டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கிருந்த ஆர்ட் கார்னர் கடையில் செல் தாள்கள் ஊர்சுற்ற வந்தோர் வாங்கிச் செல்லும் நினைவுப்பொருளாக, இன்னும் மலிவாக விற்கப்பட்டன. 'பீட்டர் பான்', 'லேடி அண்ட் தி டிராம்ப்', 'ஸ்லீப்பிங் பியூட்டி' தாள்கள் அச்சடித்த பின்னணியும் பொன்னிற முத்திரைச் சீட்டுமாகக் குழந்தைகளின் அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இக்கடை 1966 வரை இயங்கியது.

1984: யாருடைய தாள்?

ஜான் பாஸ்மஜியன் 1940களில் டிஸ்னியில் பணியாற்றியவர். ஸ்டுடியோ வேண்டாமென்று கழித்த தாள்களையும் பின்னணிகளையும் அனுமதி பெற்று வீட்டுக்கு எடுத்துச்சென்று பல பத்தாண்டுகள் பாதுகாத்தார். 1984 டிசம்பரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவற்றை நியூயார்க்கில் ஏலமிட ஏற்பாடு செய்தபோது, டிஸ்னி நிறுவனம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடை கோரியது. தடை கிடைக்கவில்லை. கொடுக்கப்பட்ட பொருள் அதைப் பெற்றவருடையது, அதை அவர் விற்கலாம். உருவத்தைப் படியெடுத்து வெளியிடும் உரிமை வேறு, தாளின் உடைமை வேறு என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் வேறுபாடு இவ்வழக்கில் செல் ஓவியத்துக்குப் பொருந்தியது.

இந்த வழக்கு தோற்றிருந்தால் செல் ஓவியச் சந்தை என்ற ஒன்று உருவாகியிருக்குமா என்பது ஐயமே. பழைய தாள் வைத்திருந்த ஒவ்வோர் ஓய்வுபெற்ற ஊழியரும், அவர் வாரிசும், அதைத் திருட்டுப்பொருள்போல மறைத்துவைக்க நேர்ந்திருக்கும். ஏலம் நடந்தது, விலைகள் எதிர்பார்ப்பைத் தாண்டின. பரணில் கிடந்த பெட்டிகளைப் பலர் திறந்து பார்க்கத் தொடங்கினர்.

ஏலக் காய்ச்சல்

1989ஆம் ஆண்டு இச்சந்தையின் உச்சங்களில் ஒன்று. டொனால்டு டக் இரண்டாம் முறையாகத் தோன்றிய 1934ஆம் ஆண்டுக் குறும்படம் 'ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்'. அதன் கறுப்பு வெள்ளைத் தாள் ஒன்று, பின்னணியோடு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,86,000 டாலருக்குப் போனது. அக்காலத்தில் ஏலக்கூடம் வாங்குபவரிடம் 10 சதவீதம் கூடுதலாகப் பெற்றது. ஆக, சுத்தியல் விழுந்த விலை 2,60,000 டாலர். கறுப்பு வெள்ளைக் காலத் தாள்கள் மிகச் சிலவே மிஞ்சியிருந்ததும், பின்னணியோடு கிடைப்பது இன்னும் அரிது என்பதும் இவ்விலைக்குக் காரணங்கள்.

அதே ஆண்டு ஜூனில் சோத்பீஸ் நிறுவனம் 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் தாள்களை ஏலமிட்டுப் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. அப்படம் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பழமை, அரிதாதல் என்ற இரண்டுமே இல்லாத பொருளுக்கு இப்படி விலை கிடைத்தது ஸ்டுடியோக்களின் கண்ணைத் திறந்தது. கழிவு என்று கருதியதே வருமானம் தரும் என்பதைக் கண்டுகொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? விற்பதற்கென்றே செய்த தாள்கள் வெளிவரத் தொடங்கின. எண்ணிட்டுக் குறிப்பிட்ட படிகள் மட்டும் கையால் தீட்டப்பட்டவை ஒருவகை. திரை அச்சு முறையில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டவை இன்னொரு வகை. இவை எவையும் எந்தப் படத்துக்காகவும் கேமராவின் கீழ் வைக்கப்பட்டவை அல்ல.

கடைக்காரர்கள் அவற்றையும் முதலீடு என்று சொல்லி விற்றனர். 1990களின் பிற்பகுதியில் இணைய ஏலம் வந்தபோது, அரிது என நம்பி வாங்கிய படி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவ்வகைத் தாள்கள் பல வாங்கிய விலைக்குக்கூட விற்கவில்லை. படத்தில் பயன்பட்ட தாள், விற்பனைக்காகச் செய்த தாள் என்ற பிரிவு மதிப்பீட்டின் முதல் கேள்வியாக நிலைத்தது இந்த அனுபவத்தால்தான்.

மதிப்பீட்டாளர் பார்ப்பவை

ஒரு தாள் கைக்கு வந்ததும் மதிப்பீட்டாளர் அதன் விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறார். படத்தில் பயன்பட்ட தாளின் ஓரத்தில், வரைபலகையின் முளைகளில் பொருத்துவதற்கான துளைகள் இருக்கும். தாளின் வரிசை எண்ணும் தயாரிப்பு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். துளைகளின் வடிவம் ஸ்டுடியோவுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபடும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் இச்சான்று போய்விடும். கூர்வாசியே, டிஸ்னிலாந்து தாள்களில் ஒட்டுச்சீட்டு அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

அடுத்தது கோடு. டிஸ்னியின் பழைய படங்களில் கோடுகள் கையால், பல வண்ண மைகளில் இடப்பட்டவை. சிவப்பு உடைக்கு அடர்சிவப்புக் கோடு, முகத்துக்குப் பழுப்புக் கோடு. அப் ஐவெர்க்ஸ் ஜெராக்ஸ் முறையைத் தழுவி உருவாக்கிய உத்தியால், 1961இல் வெளிவந்த '101 டால்மேஷியன்ஸ்' முதற்கொண்டு பென்சில் கோடுகள் நேராகவே தாளுக்கு மாற்றப்பட்டன. மையிடும் கைகளுக்கு வேலை போயிற்று. ஆகவே 'ஸ்னோ ஒயிட்' தாள் என்று வந்தது ஜெராக்ஸ் கோட்டுடன் இருந்தால், வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. மறுபுறம், ஓவியர் பென்சிலால் போட்ட கோட்டின் உயிர்ப்பு அப்படியே தாளில் தெரிவது பிற்காலத் தாள்களில்தான் என்றாலும், சந்தை கைமைக்கே அதிக விலை தருகிறது.

பிறகு உருவம். முழு உடலும் தெரிகிறதா, முகம் நம்மைப் பார்க்கிறதா, கண் திறந்திருக்கிறதா? கண்ணிமைப்பு ஒரு நொடியில் சிறு பகுதியே நீடித்தாலும், அதற்கும் தாள்கள் உண்டு. கண்மூடிய தாள் அதற்கு அடுத்த எண்ணிட்ட தாளைவிடக் குறைவாகவே விலைபோகும். கதையில் நினைவில் நிற்கும் காட்சியா என்பதும் முக்கியம். ஆப்பிளை நீட்டும் சூனியக்காரிக்கு ஏலம் கேட்பவர்கள் அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலான நிலை, தாளும் அதற்கே உரிய அசல் பின்னணியும் பிரியாமல் சேர்ந்திருப்பது. அதே படத்தின் வேறு காட்சிப் பின்னணி என்றால் ஒரு படி கீழே. வேறு படத்தின் பின்னணி இன்னும் கீழே. அச்சடித்த பின்னணி அலங்காரம் மட்டுமே. இதைச் சரிபார்ப்பது ஒருகாலத்தில் அரிய வேலை. வீடியோ கேசட்டும் பிறகு டிவிடியும் வந்தபின், படத்தை நிறுத்தி வைத்துத் தாளை ஃபிரேமோடு ஒப்பிட யாராலும் முடிந்தது. போலி செய்பவனுக்கும் அதே வசதி கிடைத்தது என்பது உண்மைதான். நிறுத்திய ஃபிரேமிலிருந்து நகலெடுத்த தாள்கள் சந்தைக்கு வந்தன. தாளின் தடிமன், மையின் தன்மை, புறஊதா விளக்கில் வண்ணம் ஒளிரும் விதம் ஆகியவற்றை வைத்து அவற்றைப் பிரித்தறிகிறார்கள்.

கையெழுத்து தனிக் கதை. வால்ட் டிஸ்னியின் பெயர் எழுதப்பட்ட அட்டைகள் பலவற்றில் எழுதியவர் அவர் அல்லர். அவர் சார்பில் கையெழுத்திட ஹாங்க் போர்ட்டர் போன்ற ஸ்டுடியோ ஓவியர்களுக்கு அனுமதி இருந்தது. இவை போலி அல்ல, ஆனால் வால்ட்டின் கைப்பட்டவையும் அல்ல. விலை வேறுபாடு பெரிது. 1980களிலும் 90களிலும் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் பழைய தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். அத்தாளில் அவர்களுடைய கோடு ஒன்றுகூட நேரடியாக இருக்காது. அவர்கள் கையால் வரைந்த பென்சில் ஓவியங்களோ பெரும்பாலும் செல் தாளைவிடக் குறைந்த விலைக்கே போகின்றன. கோட்டை இழுத்த பெண்ணின் பெயர் தாளில் எங்கும் இல்லை. இருந்திருந்தால் ஏலப் பட்டியல் அதை எப்படி மதித்திருக்கும் என்பது சுவையான கேள்வி.

ஒரே தாளுக்குப் பல விலை

மதிப்பு என்ன என்ற கேள்விக்கு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதே மதிப்பீட்டாளரின் எதிர்க்கேள்வி. காப்பீட்டுக்கு என்றால், தாள் தொலைந்தால் அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை. வரி, வாரிசுரிமை, நன்கொடை என்றால், கட்டாயமின்றி, விவரம் அறிந்த இருவர் கைமாற்றிக்கொள்ளும் நியாயமான சந்தை விலை. இது முன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேற்பட்ட ஓவிய நன்கொடைக்கு வரிச்சலுகை கோருவோர் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் சான்று தர வேண்டும்.

ஏலப் பட்டியலில் அச்சிடப்படும் தொகை மூன்றாவது வகை. குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என இரு எண்கள் இருக்கும். விற்பவர் ஏற்கும் அடிவிலை இரகசியமாக வைக்கப்படும்; வழக்கப்படி அது குறைந்த மதிப்பைத் தாண்டாது. மதிப்பை வேண்டுமென்றே தாழ்த்தி அச்சிட்டுக் கூட்டம் சேர்ப்பது ஏலக்காரர்களின் பழைய தந்திரம். 10,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்து, வாங்குவோர் கட்டணம் 25 சதவீதம் எனில், வாங்கியவர் கொடுப்பது 12,500. விற்றவருக்கோ அவர் பங்குக் கட்டணம் கழித்து 10,000க்கும் குறைவாகவே கிடைக்கும். செய்தித்தாளில் வரும் 'சாதனை விலை' பெரும்பாலும் முதல் தொகைதான். இரண்டு ஏலங்களை ஒப்பிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால் கணக்குத் தவறும்.

தாள் நின்றபின்

கையால் தீட்டிய செல் தாளில் எடுக்கப்பட்ட டிஸ்னியின் கடைசி முழுநீளப் படம் 1989இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்'. அடுத்த ஆண்டின் 'ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' கணினியில் வண்ணமிடப்பட்டது. அதன்பின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 'லயன் கிங்' படங்களுக்கும் சோத்பீஸில் ஏலம் நடந்தது. ஆனால் அங்கே விற்கப்பட்ட தாள்கள் படம் முடிந்தபின் ஏலத்துக்காகவே தீட்டப்பட்டவை. 'சிம்ப்சன்ஸ்' தொடர் 2002இல் செல் தாளைக் கைவிட்டது. ஜப்பானில் 'சசாயே-சான்' என்ற தொலைக்காட்சித் தொடர் மட்டும் 2013 வரை தாக்குப்பிடித்தது.

வரத்து நின்றது சந்தையை ஜப்பான் பக்கமும் திருப்பியது. அங்கும் தாள்களைக் குப்பையில் போடுவதும், ரசிகர்களுக்குப் பரிசாகத் தருவதும் வழக்கமாக இருந்தன. 'அகிரா' போன்ற படங்களின் தாள்கள் இன்று அமெரிக்க ஏலங்களில் பழைய டிஸ்னி தாள்களோடு போட்டியிடுகின்றன. இவற்றை மதிப்பிடும்போது டிஸ்னிக்கான விதிகள் அப்படியே பொருந்தா. காட்சியின் முதல் தாளுக்கும் இறுதித் தாளுக்கும் தனி மதிப்பு உண்டு. பின்பக்க வண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்ட பென்சில் வரைதாளைப் பிய்த்தெடுக்கக் கூடாது; பிய்த்தால் வண்ணமும் கூடவே வந்துவிடும்.

எந்த நாட்டுத் தாளாயினும் பொருள் நிலையற்றது. பழைய தாள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. மஞ்சளாகிச் சுருங்கும், வெளியிடும் அமிலம் அருகிலுள்ளவற்றையும் கெடுக்கும். பின்வந்த அசிடேட் தாள் சிதையும்போது புளிக்காடி நாற்றம் வரும். சேகரிப்பாளர் ஒருவர் சட்டத்தைத் திறந்ததும் அந்த வாடை அடித்தால், விலையில் பெரும்பகுதி அப்போதே போயிற்று எனலாம். வறண்ட காற்றில் வண்ணம் வெடித்துத் தாளிலிருந்து கழன்றுவிடும். உதிர்ந்த இடத்தில் புதுவண்ணம் நிரப்புவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவ்வாறு சீர்செய்த தாளில் அசல் வண்ணம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை ஏலப் பட்டியலில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டதால் எழுந்த தகராறுகள் உண்டு.

2009 முதல் கெட்டி பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டிஸ்னியின் ஆவணக் காப்பகத்துடன் சேர்ந்து இத்தாள்களை ஆராய்ந்தது. வண்ணம் கழன்ற தாளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் பொறுமையாக வைத்தால், பழைய வண்ணமே மென்மையாகி மறுபடி தாளைப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பது அதன் கண்டறிதல்களுள் ஒன்று. புதுத் தூரிகை தொடாமல், முதலில் தீட்டியவர் வைத்த வண்ணம் வைத்த இடத்திலேயே அமர்கிறது.